முதல் முறை எண்ணெய் மசாஜுக்குப் போகிறீர்களா? எதை உடுத்துவது, எதைக் கழற்றுவது

போன ஆடியில் என் நாத்தனார் போன் செய்தாள். இடுப்பு வலிக்கு ஏழு நாள் எண்ணெய் சிகிச்சை எழுதிக் கொடுத்திருந்தார் வைத்தியர். எவ்வளவு செலவாகும், பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்று எல்லாம் பேசி முடித்து, போனை வைக்கப் போகிற நேரத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: “அண்ணி, உடம்புல ஒண்ணுமே இல்லாமத்தான் படுக்கணுமா?”

அவள் கேட்டுவிட்டாள். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்கள் எத்தனையோ பேர். என் அம்மா முழங்கால் வலியோடு இரண்டு வருடம் இப்படித்தான் இருந்தார். மருந்து பிடிக்காது, எண்ணெய் வாடை ஒத்துக்கொள்ளாது என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தவருக்கு உள்ளூர இருந்தது இந்த ஒரு பயம்தான். பிறகு போனார். பதினான்கு நாளும் நான் கூடவே இருந்தேன். அடுத்த வருடம் எனக்கே கழுத்து வலி வந்து நானும் படுத்தேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் நாத்தனாருக்குச் சொன்னேன். அதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அவள் கேள்விக்குப் பதில். இல்லை. இடுப்பில் ஒரு துணி எப்போதும் இருக்கும். அதற்கு மேல் எவ்வளவு மூடிக்கொள்வது என்பது உங்கள் விருப்பம். கூடுதலாக ஒரு துண்டு கேட்டால் நல்ல இடத்தில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

போகும் முன் ஒரு போன்

மசாஜ் என்று ஒரே பெயரில் சொன்னாலும், எது எண்ணெய், எது எண்ணெய் இல்லாதது என்று தெரிந்துகொண்டால் உடை பற்றிய குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

தாய்லாந்து முறைக்கு எண்ணெய் கிடையாது, துணியையும் கழற்ற வேண்டியதில்லை. தரையில் விரித்த மெத்தையில் படுக்க வைத்துக் கையையும் காலையும் இழுத்து, மடக்கி, அழுத்திவிடுவார்கள். ‘நுவாட் தாய்’ என்ற பெயரில் 2019-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த முறை இது. பெரும்பாலான இடங்களில் தொளதொளவென்று ஒரு சட்டையும், இடுப்பில் சுற்றிக் கட்டும் பேன்ட்டும் அவர்களே தருவார்கள். அந்தப் பேன்ட் இடுப்பைவிட இரண்டு மடங்கு அகலமாக இருப்பதைப் பார்த்து அளவு தப்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மிச்சத் துணியை வேட்டி கட்டுவதுபோல முன்பக்கம் மடித்து, பின்னாலிருந்து வரும் நாடாவை முன்னால் கட்டி, மேல் விளிம்பைக் கீழே மடித்துவிட்டால் நிற்கும். உள்ளாடையைக் கழற்றத் தேவையில்லை. உடை தராத இடமென்றால் டிராக் பேன்ட்டும் டி-சர்ட்டும் போதும். காலை மடக்கித் தலைப்பக்கம் கொண்டுபோவார்கள் என்பதால் பாவாடை, புடவை, ஜீன்ஸ் எதுவும் சரிப்படாது.

பாத மசாஜுக்கு முழங்கால் வரை சுருட்டிவிட முடிகிற பேன்ட் போதும். ஸ்வீடிஷ் முறைக்கு உள்ளாடையோடு படுத்துப் போர்வை போர்த்திக்கொள்ள வேண்டும். எந்த இடத்தில் கை வேலை செய்கிறதோ அந்த இடத்துப் போர்வையை மட்டும் விலக்குவார்கள்.

நம் ஊரில் குழப்பம் அதிகம் இருப்பது ஆயுர்வேத, சித்த எண்ணெய் சிகிச்சைகளில்தான். கோட்டக்கல்லில் 1902-ல் பி.எஸ்.வாரியர் தொடங்கிய ஆரிய வைத்திய சாலை, கோவையில் 1943-ல் பி.வி.ராம வாரியர் தொடங்கிய ஆரிய வைத்திய பார்மசி போன்ற பழைய நிறுவனங்களால் கேரள முறை நமக்கு நன்றாகவே பழக்கமாகிவிட்டது. சித்த மருத்துவத்தில் மசாஜுக்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று தொடங்கி ஒன்பது வகை சொல்வார்கள். சென்னை தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தைப் போல அரசு மருத்துவமனைகளிலும் தொக்கணம் உண்டு. இனி நான் சொல்வது பெரும்பாலும் இந்த எண்ணெய் சிகிச்சைகளைப் பற்றி.

போனில் இவற்றைக் கேட்டுவிடுங்கள்: பெண்ணுக்குப் பெண்தான் செய்வார்களா, ஆணுக்கு ஆண்தானா? அறையில் ஒருவரா, இருவரா? உடுத்த அவர்கள் என்ன தருவார்கள்? முடிந்ததும் அங்கேயே வெந்நீரில் குளிக்கலாமா? ஆயுர்வேத, சித்த மருத்துவமனைகளில் பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்பதுதான் வழக்கம். ஸ்பாக்களில் அப்படி இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது, கேட்டுவிட வேண்டும். கேரள முறையில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் நின்று ஒரே தாளத்தில் தேய்ப்பது சகஜம். முன்பே தெரியாவிட்டால், இரண்டாவது ஆள் உள்ளே வரும்போது திக்கென்றிருக்கும். அம்மாவுக்கு அப்படித்தான் இருந்தது.

கிளம்பும்போது

படுக்கும்போது எதைக் கட்டுவது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எதை உடுத்திக்கொண்டு போய், எதை உடுத்திக்கொண்டு திரும்புவது என்பதுதான் நம் பாடு. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் தோலில் கொஞ்சம் எண்ணெய் ஊறியிருக்கும். தலையில் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். அது காலர், பிடரி, அக்குள், இடுப்புப் பட்டை என்று துணியில் இறங்கும்.

அதனால் பழைய பருத்தித் துணி, அடர்ந்த நிறம். முன்பக்கம் பொத்தான் உள்ள சட்டையோ மேலாடையோ நல்லது. எண்ணெய்த் தலைவழியாக இறுக்கமான குர்தாவை இழுத்து மாட்டுவது பெரும்பாடு. கை தூக்க முடியாத தோள் வலிக்காரர்களுக்குக் கேட்கவே வேண்டாம். பெண்களுக்கு முன்பக்கம் திறக்கும் நைட்டியும் மேலே ஒரு துப்பட்டாவும் எல்லாவற்றையும்விட வசதி. அதை உடுத்திக்கொண்டு வெளியில் போகத் தயங்கினால் தளர்வான சுடிதார் போடலாம், ஆனால் நாடா வேண்டாம், எலாஸ்டிக்காக இருக்கட்டும். வழுக்கும் விரலால் நாடா முடிச்சை அவிழ்த்துப் பாருங்கள், தெரியும். புடவைதான் பழக்கம் என்றால் பழைய நூல் புடவை, பழைய ரவிக்கை. ஆண்களுக்குக் கைலிக்கு நிகர் எதுவும் இல்லை. ஜீன்ஸ் மட்டும் யாருக்கும் வேண்டாம். பிசுபிசுத்த தொடையில் அது ஏறாது.

உள்ளாடையும் பழையதாகவே இருக்கட்டும். எண்ணெய் பட்டால் எலாஸ்டிக் சீக்கிரம் தொய்ந்துபோகும். ஏழு நாள், பதினான்கு நாள் சிகிச்சை என்றால் இதற்கென்றே இரண்டு செட் ஒதுக்கிவிடுங்கள். ஆடி மாதத்தில் கேரளாவுக்குப் போய்த் தங்குகிறவர்கள் (அங்கே கர்க்கடகம், சிகிச்சைக்கு உகந்த மாதம் என்பார்கள்) மூன்று செட்டாக எடுத்துப் போங்கள். அந்த மழையில் துணி காயாது.

காலுக்கு ரப்பர் செருப்பு, அடிப்பக்கம் தேயாததாக. தோல் செருப்பில் எண்ணெய் இறங்கினால் கறை போகாது. எண்ணெய்க் காலோடு மேஜையிலிருந்து குளியலறை வரை நடக்கும் பத்தடிதான் முழு சிகிச்சையிலும் ஆபத்தான இடம். வயதானவர்கள் தெரபிஸ்ட் கையைப் பிடித்துக்கொண்டே நடக்கட்டும். வெட்கப்படத் தேவையில்லை, அவர்களே கையை நீட்டுவார்கள்.

பையில் இவை இருக்கட்டும்: இரண்டு பழைய துண்டு, மாற்று உள்ளாடை, எண்ணெய்த் துணியைப் போட்டுக் கட்ட ஒரு பிளாஸ்டிக் கவர், சீப்பு, தலையைச் சுற்றிக் கட்ட ஒரு பருத்தித் துணி. பெண்கள் பழைய உள்பாவாடை ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

நகையும் கயிறும்

நகையை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவதுதான் நல்லது. அங்கே கழற்றிப் பேப்பரில் மடித்துப் பையில் போட்டால், திரும்பும்போது தேட வேண்டிவரும். கல் வைத்த தோடு, மூக்குத்தி போன்றவற்றை முக்கியமாகக் கழற்றுங்கள். அடைப்புக் கட்டாக இருந்தால் கல்லுக்குப் பின்னால் எண்ணெய் இறங்கி மங்கிவிடும். மோதிரம், வளையல், கொலுசு எல்லாமே நீவும் கையில் தட்டுப்படும். மெட்டி கழலவில்லை என்றால் விட்டுவிடலாம்.

தாலியை என்ன செய்வது என்று பெண்கள் எல்லோரும் கேட்பார்கள். கழற்ற மனமில்லை என்றால் கழற்ற வேண்டாம். தெரபிஸ்டுகளுக்கு இது பழக்கம்தான். குப்புறப் படுக்கும்போது முதுகுப்பக்கமும், மல்லாந்து படுக்கும்போது தோளுக்கு ஒதுக்கியும் வைப்பார்கள். மஞ்சள் கயிறாக இருந்தால் எண்ணெய் குடித்துக் கனத்துப்போகும், சிகிச்சை முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம். என் அம்மா அந்தப் பதினான்கு நாளும் தங்கச் சங்கிலியை வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு போனார். அரைஞாண், பூணூல், கோயில் கயிறு எதுவானாலும் இதேதான். எது இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கண்ணில் லென்ஸ் போடுகிறவர்கள் அன்று கண்ணாடி அணிந்து போங்கள். காதுக் கருவி இருந்தால் எண்ணெய் எடுக்கும் முன்பே கழற்றிவிடுங்கள். அப்புறம் அவர்கள் பேசுவது கேட்காது என்பதால், வலித்தால் கையைத் தூக்குவேன் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

அறைக்குள்ளே

நடுவில் ஒரு நீளமான மரத் தோணி இருக்கும், ஓரம் கட்டி, எண்ணெய் வழிந்து ஒரு மூலையில் சேரும்படி. பக்கத்தில் வெந்நீர்ப் பாத்திரத்தில் தைலக் கிண்ணம் மிதந்துகொண்டிருக்கும். நுழைந்ததுமே நல்லெண்ணெயும் மூலிகையும் கலந்து காய்ச்சிய அந்த வாடை அடிக்கும்.

உடை மாற்ற உங்களைத் தனியாக விட வேண்டும். அதே அறையாக இருந்தால் அவர்கள் வெளியே போக வேண்டும், அல்லது திரை இருக்க வேண்டும். நான் போன ஓரிடத்தில், பெயர் வேண்டாம், பாதி மாற்றிக்கொண்டிருக்கும்போதே கதவைத் தட்டாமல் ஒரு பெண் துண்டு எடுக்க உள்ளே வந்துவிட்டார். மறுநாள் முதல் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் மாற்றினேன். நீங்கள் முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள்.

கையில் தருவது இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, ஒரு தடவை உடுத்தித் தூக்கிப் போடும் உள்ளாடை. மெல்லிய, காகிதம் மாதிரியான துணி. மெதுவாக ஏற்றுங்கள், இழுத்தால் கிழியும். மற்றது கோவணம். பல இடங்களில் ஆண், பெண் இருவருக்குமே இதைத்தான் தருவார்கள். நம் தாத்தாக்கள் வயலில் கட்டியதுதான். ஆனால் நமக்குக் கட்டத் தெரியாது என்பதால் சொல்கிறேன்.

ஒரு சாண் அகலத்தில் நீளமான பருத்தித் துண்டு, ஒரு முனையில் இரண்டு பக்கமும் கயிறு. கயிறுள்ள முனையை முதுகுப்பக்கம், இடுப்புக்குச் சற்றுக் கீழே வைத்துக் கயிற்றை முன்னால் கொண்டுவந்து கட்டுங்கள். முடிச்சு நடுவில் வேண்டாம், இடுப்பின் ஓரத்துக்குத் தள்ளுங்கள். குப்புறப் படுக்கும்போது நடுவில் இருந்தால் வயிற்றில் அழுத்தும். பிறகு தொங்கும் துணியைக் கால்களுக்கிடையே முன்னால் இழுத்து, கயிற்றுக்கு உள்பக்கமாக விட்டு வெளியே எடுத்து, மிச்சத்தை முன்னால் தொங்க விடுங்கள். எண்ணெயில் நனைந்தால் துணி தொய்யும், அதனால் முதலிலேயே கொஞ்சம் இறுக்கமாக இழுத்துவிடுங்கள். சிலர் கயிறுள்ள முனையை முன்னால் வைத்துப் பின்னால் செருகுவார்கள், அதுவும் சரிதான். வரவில்லை என்றால் தெரபிஸ்டைக் கூப்பிட்டால் துண்டைப் பிடித்தபடி கட்டிவிடுவார்.

இப்போது அந்த உள்பாவாடை. மேலுக்கு எதுவும் தராத இடங்களும் உண்டு. ஆற்றில், கிணற்றடியில் குளிக்கும்போது நம் பாட்டிகள் பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டுவார்களே, அப்படிக் கட்டிக்கொண்டு போய் உட்காருங்கள். தலைக்கும் தோளுக்கும் எண்ணெய் வைக்கும்வரை அப்படியே இருக்கலாம். குப்புறப் படுத்ததும் அவர்கள் நாடாவைத் தளர்த்தி இடுப்புவரை இறக்கி முதுகைத் தேய்ப்பார்கள். மல்லாந்து படுக்கும்போது நெஞ்சின் மேல் ஒரு துண்டைக் குறுக்காகப் போடச் சொல்லுங்கள். அம்மா முதல் மூன்று நாள் பாவாடையோடுதான் படுத்தார். வயிற்றுப் பக்கம் எண்ணெய் சரியாகப் படவில்லை என்று தெரபிஸ்ட் அக்கா சொன்னபோதும் வற்புறுத்தவில்லை. நான்காம் நாள் அம்மாவே பாவாடையை வைத்துவிட்டு ஒரு துண்டோடு படுத்தார். அந்த அக்காவின் பொறுமையை நான் இன்னும் மறக்கவில்லை.

ஏன் இவ்வளவு குறைந்த துணி என்றால், அபியங்கத்தில் (உடம்பு முழுக்க எண்ணெய் தேய்க்கும் மசாஜுக்கு ஆயுர்வேதத்தில் இதுதான் பெயர்) கை தோளிலிருந்து விரல் நுனிவரை, இடுப்பிலிருந்து பாதம்வரை நீளமாக ஓட வேண்டும். நடுவில் துணி வந்தால் அந்த ஓட்டம் அறுந்துபோகும். உட்கார்ந்து, மல்லாந்து, ஒருக்களித்து, குப்புற என்று ஏழு நிலைகளில் மாற்றி மாற்றிச் செய்வது முறை. ஒவ்வொரு முறை புரளும்போதும் துண்டு நழுவும். “துண்டைப் பிடிங்க” என்று சொன்னால் போதும், தூக்கிப் பிடித்துத் திரை மாதிரி மறைப்பார்கள்.

எல்லாச் சிகிச்சைக்கும் இவ்வளவு தேவையில்லை. வெதுவெதுப்பான எண்ணெயைத் துணியில் முக்கி உடம்பில் பிழியும் பிழிச்சல், மருந்து மூட்டையால் ஒற்றடம் கொடுக்கும் கிழி இரண்டும் அபியங்கம் போலத்தான். இடுப்பில் உளுந்து மாவால் வரப்புக் கட்டி எண்ணெய் ஊற்றும் கடிவஸ்திக்கு, பேன்ட்டையோ பாவாடையையோ கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும். முழங்காலுக்குச் செய்யும் ஜானுவஸ்திக்கு அரைக்கால் சட்டையோ தளர்ந்த பாவாடையோ போதும். நெற்றியில் எண்ணெய் ஊற்றும் சிரோதாரை மட்டும் தனியாக என்றால் கழுத்து அகலமான பழைய மேலாடை போதும். இதெல்லாம் தெரியாமல், முழங்கால் சிகிச்சைக்கு வந்தவரிடம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

மாதவிலக்கு நாட்களில் பெரும்பாலும் சிகிச்சையை நிறுத்தி வைப்பார்கள். தேதியை முன்பே வைத்தியரிடம் சொல்லிவிட்டால் நாட்களை மாற்றிக் கொடுப்பார். கர்ப்பம், காய்ச்சல், ஆறாத புண், சமீபத்தில் நடந்த அறுவை சிகிச்சை இவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் அந்தரங்க உறுப்புகளைத் தொடுவது எந்த மசாஜிலும் சேராது. கை தவறான இடத்துக்குப் போனாலோ, கட்டியிருக்கும் துணியை உங்களைக் கேட்காமல் விலக்கினாலோ, “நிறுத்துங்க” என்று சத்தமாகச் சொல்லி எழுந்துவிடுங்கள். எண்ணெயோடு இருக்கிறோமே, பணம் கட்டிவிட்டோமே என்று யோசிக்க வேண்டாம். துண்டைச் சுற்றிக்கொண்டு, துணியை மாட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். உதவிக்கு போன் செய்ய, பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112. ஆண்களுக்கும் இதே உரிமை உண்டு.

முடிந்த பிறகு

உடனே குளிக்கச் சொல்ல மாட்டார்கள். எண்ணெய் ஊறக் கொஞ்ச நேரம் உட்கார வைப்பார்கள், சில இடங்களில் நீராவிப் பெட்டியும் உண்டு. அந்த நேரத்துக்குத்தான் இரண்டாவது துண்டு. முதுகைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளுங்கள், மின்விசிறிக்கு நேராக உட்கார வேண்டாம்.

பயத்தம் மாவை முதலில் உலர்ந்தபடியே உடம்பில் தேய்த்து எண்ணெயை உறிஞ்ச விட்டு, அப்புறம் வெந்நீர் ஊற்றுங்கள். நீரை முதலில் ஊற்றிவிட்டால் மாவு பிடிக்காது. தலையைத் துவட்டியதும் உச்சியில் ராஸ்னாதி சூரணம் என்ற மூலிகைப் பொடியைக் கொஞ்சம் வைத்துத் தேய்ப்பார்கள், சளி பிடிக்காமல் இருக்க. பிறகு அந்தப் பருத்தித் துணியைத் தலையில் கட்டிக்கொள்ளுங்கள். இருசக்கர வண்டியில் போகிறவர்களுக்கு ஹெல்மெட்டின் உட்பஞ்சு எண்ணெய் குடிக்காமல் இருக்கவும் அது உதவும். காரில் வந்திருந்தால் இருக்கையில் ஒரு பழைய துண்டை விரித்து உட்காருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்த் துணிகளைத் தனியாக எடுங்கள், மற்ற துணிகளோடு சேர்க்க வேண்டாம். கறையின் மேல் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவி அரைமணி ஊற விட்டு, துணி தாங்குகிற சூட்டில் வெந்நீரில் அலசி, அதன்பிறகு வழக்கம்போலத் துவையுங்கள். காய்ந்த பிறகும் எண்ணெய் வாடை இருந்தால் இஸ்திரி போடாமல் இன்னொரு முறை துவையுங்கள், சூடு பட்டால் கறை அப்படியே தங்கிவிடும். டிரையர் வைத்திருப்பவர்கள் எண்ணெய் முழுவதும் போகாத துண்டுகளை அதில் போடவே கூடாது. சூட்டோடு குவிந்து கிடக்கும் எண்ணெய்த் துணி தானாகவே இன்னும் சூடேறித் தீப்பிடிக்கலாம். மொட்டை மாடிக் கொடியில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடுங்கள்.